ராக்கெட் ராஜாத்தி கெடாருக்குப் போன கதை

நேற்று ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு சின்ன கிளினிக் வந்திருக்கிறது. நர்சுப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்தச் சில்லிப்பும் வாசனையும் வந்ததும் எனக்கு ஊசி மறந்துவிட்டது. உன் கிட்டார்தான் நினைவுக்கு வந்தது. கிட்டார் வைத்திருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஸ்பிரிட் வாசனை அடிக்கிற கிட்டார் உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வார்டில் மிஞ்சிய பஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாய். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பாய். வியர்வை பட்டால் துரு ஏறிவிடும், புதுக்கம்பி வாங்க மெட்ராசுக்குப் போகவேண்டும் என்பாய்.

வலிக்கிறதா என்று கேட்ட நர்சுப் பெண், நான் சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றாள். அவளிடம் எதைச் சொல்வது? நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது விழுப்புரம் பாசஞ்சரில். அறுபதுகளின் தொடக்கம். நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்த புதிது. விழுப்புரத்தில் ஓவியப் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் நீ. மடியில் வெள்ளைப் போர்வை சுற்றி எதையோ கிடத்தியிருந்தாய். பக்கத்தில் மல்லாட்டைக் கூடையோடு, வேர்க்கடலையை நம் பக்கம் அப்படித்தானே சொல்வோம், உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"கொழந்தைக்கு ஜுரமாம்மா? மூஞ்சியத் தொறந்து வுடு. காத்தாட வேணாமா?"

நீ போர்வையை விலக்கிக் காட்டினாய். அந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீ விரலால் ஒரு கம்பியைச் சுண்டினாய். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாளே, இன்னொரு தபா தட்டு என்றாள். விக்கிரவாண்டி வரும்வரை நீ தட்டிக்கொண்டே வந்தாய். நான் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் உன்னைப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே வந்தேன். நீ எட்டிப் பார்த்து என்னிடம் பேசிய முதல் பேச்சு, "எம்மூக்கு இவ்ளோ பெருசா?" என்பதுதான்.

எந்த ஊர் என்று நீ கேட்டாய், நானும் கேட்டேன். எந்தத் தெரு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. நம்மைப் போன்றவர்கள்தான் பேச்சை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். அதிலிருந்தே தெரிந்துவிட்டது. உன் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுவடை செய்பவர்கள். இரண்டு குடும்பமும் சேரிதான். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம். நீ மிஷன் ஹாஸ்டலில் படித்து நர்சாகி விழுப்புரம் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாய். நான் வேறொரு ஹாஸ்டலில் படித்து டீச்சராகியிருந்தேன். ஹாஸ்டல் கஞ்சியின் வாசனையைப் பற்றிப் பேசியே பாதி வழி போய்விட்டது.

கிட்டார் உனக்கு எப்படி வந்தது என்பதையும் அன்றே சொன்னாய். ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவரின் மனைவிக்குக் காலில் ஆறாத புண். தினமும் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுவிட்டு வருவாய். நீ கட்டுப் போடும்போது அந்த அம்மாள் வலி தெரியாமலிருக்க கிராமபோனில் ராக் அண்டு ரோல் தட்டுகளைச் சுழலவிடுவாளாம். ஒருநாள் உன் கால் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டாள். புண் ஆறும்வரை உனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். ஆறிய பிறகும் சொல்லிக்கொடுத்தாள். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது கிட்டாரை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "அவங்க அழுவல. நான்தான் அழுதேன்" என்றாய்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ இங்கே வருவாய், இல்லாவிட்டால் நான் அங்கே வருவேன். நீ கதை சொல்வாய். கதையில் எப்போதும் ஒரு பாட்டுக் கூட்டம் வரும். மேல்நாட்டுத் தட்டுகளில் பாடுகிறவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் டிரைவரம்மா உனக்குச் சொல்லியிருந்தாள். லாரி ஓட்டினவன், பருத்தி எடுத்தவள், கோயிலில் பாடிக்கொண்டிருந்தவன். "நம்ம ஜனங்க மாதிரிதான்டி இருக்காங்க. கையில கிட்டார் இருக்குது, அவ்ளோதான் வித்தியாசம்" என்பாய். அந்த ஆட்களை நம்மூர் ரயிலில் ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தோம். அதுதான் ஆரம்பம்.

திண்டிவனத்தில் அப்போது ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மல்லாட்டை விலை, கோயில் திருவிழா, சினிமாச் செய்தி, கடைசிப் பக்கத்தில் ஒரு துப்பறியும் படக்கதை. அந்தப் படக்கதை வரைந்தவர் மெட்ராசுக்குப் போய்விட்டார், ஆசிரியர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். குண்டு மனிதர். எப்போதும் மேல்சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருக்கும். ராக் அண்டு ரோல் பாடுகிற கூட்டத்தைப் பற்றித் தொடர் என்று நீ சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ராக்கெட்டா? ரஷியாக்காரன் வுடுறானே, அதானே?"

நீ திருத்தப் போனாய். நான் மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய். அந்த வேகத்தில் பாடுகிறவர்கள் சார் என்றாய். அப்படித்தான் நம் தொடருக்கு 'ராக்கெட் ராஜாத்தி' என்று பெயர் வந்தது. அவருக்கு உண்மை தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் பத்திரிகை விற்கத் தொடங்கிவிட்டதால் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜாத்தி கிட்டார் வாசிப்பாள். அவளோடு ஒரு டிரம் அடிப்பவன், ஒரு பாடகன், எதற்கும் பயப்படுகிற ஒரு ஆர்மோனியக்காரர். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஊர் ஊராகப் போவார்கள். கரண்டு கிட்டார் என்பதால் கரண்டு வேண்டுமே. ஊருக்குள் எந்த வீட்டிலும் விளக்கு இல்லாவிட்டாலும் வயற்காட்டில் பம்ப்செட்டுக்குக் கம்பி இழுத்திருப்பார்கள். ராஜாத்தி பம்ப்செட் கொட்டகையில் போய்க் கிட்டாரைச் செருகுவாள். அது உன் யோசனை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு கிணற்றடியில்தான் பாட்டு நடக்கும்.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. சத்தத்தை எப்படி வரைவது? வாயிலிருந்தும் கிட்டாரிலிருந்தும் எழுத்து பறப்பதுபோல் முதல் இரண்டு வாரம் போட்டேன். உனக்குப் பிடிக்கவில்லை. திண்டிவனம் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறையில் என்னை உட்காரவைத்து, என் பக்கம் பார்க்காதே, சுற்றிப் பார் என்று சொல்லிவிட்டு ஓங்கி வாசித்தாய். தகரக் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்தன. என் தம்ளர் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கிற்று. கதவருகே நின்ற போர்ட்டர் தலையிலிருந்த மூட்டையோடு கழுத்தை ஆட்டினார். மூட்டை ஆடியது. அவருக்குத் தான் ஆடுவது தெரியவில்லை. அன்றிலிருந்து நான் பாட்டை வரையவில்லை. பாட்டு விழுந்த இடத்தை வரைந்தேன். கிணற்றுத் தண்ணீர், மாட்டின் காது, நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவனின் கட்டைவிரல். நம் வாசகர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ராக் பாட்டு கேட்டதில்லை. ஆனால் டீக்கடையில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் மேசையைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஆளுக்கு ஒரு மெட்டு அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

தொடரில் நம் பெயர் போடவில்லை. பெண்கள் என்று தெரிந்தால் வேறு மாதிரி படிப்பார்கள் என்று ஆசிரியர் ஒரு பொதுப்பெயர் போட்டுவிட்டார். வந்த கடிதங்களெல்லாம் 'ஐயா' என்றே தொடங்கின. நாம் அதைப் படித்துச் சிரித்துக்கொள்வோம்.

கெடார் கிராமத்திலிருந்து அந்தப் பெரியவர் வந்தது அடுத்த வருஷம் தை மாதம். ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். அன்று உனக்கு விடுமுறை. நீயும் இங்கேதான் இருந்தாய். அச்சாபீஸில் போய்ப் பார்த்தால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு விவசாயி உட்கார்ந்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் ராக்கெட் ராஜாத்தி கோஷ்டி வந்து பாடவேண்டும். மகள் தனம் அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையாம். நகைகூடக் கேட்கவில்லை என்றார். களத்துமேட்டுக்குப் பக்கத்திலேயே பம்ப்செட் இருக்கிறது, கரண்டுக்குக் கவலை வேண்டாம் என்றார்.

ஆசிரியர் சிரிப்பை அடக்க முடியாமல் நம்மைக் காட்டினார். அவை வெறும் படங்கள் என்றும், கதை இந்தப் பெண் எழுதுவது, படம் அந்தப் பெண் போடுவது என்றும் சொன்னார். பெரியவர் முகம் வாடிவிட்டது. மகளிடம் என்ன சொல்வது என்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது நீ, எனக்குக் கிட்டார் தெரியும், என் தம்பிக்கு டிரம் தெரியும், நாங்கள் வரலாம் என்றாய். அவர் எழுந்தே நின்றுவிட்டார். நீ கையமர்த்தினாய்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. நாங்க சேரி ஜனங்க. மாதா கோயில் தெரு. அது தெரிஞ்சுகினு கூப்புடுங்க. அங்க வந்தப்புறம் கேக்காதீங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.  யோசித்துச் சொல்வதாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பும் வழியில் நான் உன்மேல் கோபித்துக்கொண்டேன். ஏன் நீயாகச் சொல்லவேண்டும் என்றேன். நீ கிட்டாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாய்.

"படத்துல இருக்கிறவளுக்குத் தெரு கெடையாதுடி. நமக்கு இருக்குது. அத வுட்டுட்டு எப்படிப் போறது?"

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். பத்து நாள் கழித்து வந்தார். கூடத் தனமும் வந்தாள். கறுப்பாக, உயரமாக, எட்டாவது வரை படித்தவள். வெற்றிலைத் தட்டை அப்பா கையிலிருந்து தானே வாங்கி உன்னிடம் நீட்டினாள். பெரியவர் தனக்குக் கொஞ்சம் தயக்கம்தான் என்றும் மகள் விடவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். தனம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜாத்தி எந்தத் தெருன்னு நீங்க எழுதவே இல்லியே அக்கா. நானும் இத்தினி நாளா கேக்கலியே. இப்ப ஏன் கேக்கணும்?"

அப்படி ஒரு கேள்வியை நம்மிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நீ தட்டை வாங்கிக்கொண்டாய்.

ஒத்திகை உன் குவார்ட்டர்சில். உன் தம்பி அந்தோணி மாதா கோயில் திருவிழாவில் டிரம் அடிப்பவன். எனக்குப் பாட வராது, ஆட வராது. என்னையும் விடமாட்டேன் என்று ஒரு பவுடர் டப்பாவில் மல்லாட்டைக் கொட்டையைப் போட்டு மூடி, தாளத்துக்கு இதை ஆட்டு என்று கையில் கொடுத்தாய். ஆர்மோனியக்காரர் மாதிரி எதற்கும் பயப்படுகிற ஆள் வேண்டுமே, அதற்கு நீதான் சரி என்றாய். பாட்டுகளை நீயே கட்டினாய். பாசஞ்சர் வண்டியைத் தவறவிட்டவனைப் பற்றி ஒன்று. பிரசவ வார்டில் பிள்ளை அழுகிற சத்தத்தைப் பற்றி ஒன்று. மெட்டு டிரைவரம்மாவின் தட்டுகளில் கேட்ட துள்ளல். பேச்சு நம்ம பேச்சு.

கெடாருக்கு விழுப்புரத்திலிருந்து பஸ். இறங்கியதும் மாட்டுவண்டி காத்திருந்தது. பொழுது சாயும் நேரம். வாசலை அடைத்துப் பந்தல், வாழை மரம், மைக் செட். பெரியவர் ஓடிவந்து வரவேற்றார். பந்தலுக்குள் கால் வைக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா குறுக்கே வந்தார். அவர் வேறு ஊர்க்காரர். பாட வந்தவர்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்டார். பெரியவர் வாயைத் திறக்குமுன் நீயே சொல்லிவிட்டாய். அச்சாபீஸில் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல்.

பந்தலுக்குள் இவர்கள் வரக்கூடாது என்றார் பெரியப்பா. வந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவோம் என்றார். தனத்தின் அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். கல்யாணம் நிற்குமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு ஹாஸ்டலுக்கு வருமுன் பார்த்ததெல்லாம், மறந்துவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் திரும்பி வந்தது. போய்விடலாம் வா என்று உன் கையை இழுத்தேன். உன் கை சில்லிட்டிருந்தது. நீயும் பயந்துதான் இருந்தாய். அது எனக்கு மட்டும் தெரியும்.

நீ அவரைப் பார்த்துச் சொன்னாய்:

"சரிங்க. பந்தல் உங்களுது. நாங்க களத்துல வாசிக்கிறோம். கேக்கணும்னு இருக்கிறவங்க வரட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். அந்தோணி டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். நான் பவுடர் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

களம் வீட்டுக்குப் பின்னால், சாணம் மெழுகிச் சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் வைக்கோல் போர். மறுபக்கம் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அந்த ஊர்ச் சேரி ஜனங்கள், கல்யாணத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வந்தவர்கள், கும்பலாக நின்றார்கள். நீ பம்ப்செட் மேடைமேல் ஒரு காலை வைத்துக் கிட்டாரைத் தூக்கினாய். முதல் பாட்டுக்குக் கேட்க ஆளே இல்லை, வாய்க்காலுக்கு அப்பால் நின்றவர்களைத் தவிர. பாசஞ்சர் பாட்டு. அந்தோணி வண்டி கிளம்புகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து வேகத்தைக் கூட்டினான். உன் குரல் முதல் அடியில் உடைந்தது. இரண்டாம் அடியில் நிமிர்ந்தது.

முதலில் வாய்க்காலைத் தாண்டி வந்தது ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவள் பின்னால் மற்றவர்கள். அந்தக் களத்தில் நெல் அடித்ததும் தூற்றியதும் அவர்கள்தான். அங்கே வர அவர்கள் யாரையும் கேட்கவேண்டியதில்லை. பிறகு பந்தல் பக்கமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள் நின்றுவிட்டார்கள். மைக் செட்காரர் யாரிடமும் சொல்லாமல் ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, பம்ப்செட் பலகையில் செருகி, உன் முன்னால் மைக்கை நட்டார். எலக்ட்ரிக் கிட்டாரா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாய். பரவாயில்லை, இப்போது ஆகிவிட்டது என்று சிரித்தார். இரண்டாவது பாட்டு வயல் தாண்டிக் கேட்டது.

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து வந்தார். பெரியப்பா பின்னாலிருந்து கூப்பிடுவது நமக்கும் கேட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் வந்தார். களத்தின் அந்தக் கோடியில் அவர் நின்றார். இந்தக் கோடியில் பின்வாசல் வழியாக வந்த தனம், தோழிகளோடு. நடுவில் ஊர்த்தெருவும் சேரியும் கலந்து நின்ற கூட்டம். நான் ஒரு கையால் டப்பாவை ஆட்டிக்கொண்டே அவ்வளவையும் கண்ணால் வரைந்துகொண்டிருந்தேன். வைக்கோல் போர் ஓரத்தில் கட்டியிருந்த மாடு காதை விடைத்துக்கொண்டு நின்றது. யாரோ ஒரு கிழவர் பாட்டின் நடுவே தன் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பெரியப்பா கடைசிவரை வரவில்லை. பந்தலில் அவரும் இன்னும் சிலரும் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர் மனம் மாறி வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. கல்யாணம் நின்றுவிடவும் இல்லை.

பாடி முடித்ததும் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்ற கவலை எனக்கு. பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தனத்தின் அம்மா இலைக்கட்டோடு களத்துக்கே வந்தாள். நாம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெரியவர் தானும் ஒரு இலையை எடுத்து உன் எதிரே விரித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கத்தான் உட்கார்ந்தார்.  பாயசம் வந்தபோது, மகளுக்கு இன்னும் ஒரு கரண்டி போடு என்று உன்னைக் காட்டி மனைவியிடம் சொன்னார். மகள் என்றார். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் கண்ணிலிருந்து இலையில் விழுந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்த வாரத் தொடரில் அதை அப்படியே எழுதிக் கொண்டுவந்தாய். ராஜாத்தியைப் பந்தல் வாசலில் ஒருவர் நிறுத்துகிறார். எந்தத் தெரு என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். ஊர் பெயர் இல்லை, யார் பெயரும் இல்லை. நான் வரைந்து முடித்தபோது, இதுவரை வரைந்த ராஜாத்திக்கு முகமே இல்லாததுபோலவும் அன்றுதான் முகம் வந்ததுபோலவும் இருந்தது. ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைப் போட்டால் பல கடைகளில் பத்திரிகையைத் தொங்கவிடமாட்டார்கள் என்றார். நீ அவரைத் திட்டவில்லை. இது இல்லாவிட்டால் இனி ராஜாத்தி எந்த ஊருக்குப் போனாலும் பொய்யாகிவிடும், எனக்கு எழுத வராது என்று மட்டும் சொன்னாய். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, போடுகிறேன், ஆனால் யார் எழுதியது என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டாமா என்றார். அந்த வாரம்தான் முதன்முறையாக நம் இரண்டு பேர் பெயரும் அச்சில் வந்தது.

அவர் பயந்தது நடந்தது. சில கடைகள் பத்திரிகைக் கட்டை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பின. என் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அதன்பிறகு என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். உன் வார்டில் ஒருவர் இந்த நர்ஸ் கையால் ஊசி வேண்டாம் என்றாராம். ஜுரம் ஏறியதும் அவரே கூப்பிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் கடிதங்களும் வந்தன. இப்போது அவை 'அக்கா' என்று தொடங்கின. எங்கள் ஊருக்கு ராஜாத்தி எப்போது வருவாள் என்று சேரித் தெருக்களிலிருந்து பிள்ளைகள் எழுதினார்கள். திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கதையைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துத் தூங்கவில்லை என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ஒருநாள் தானாகவே வந்து, திருப்பி அனுப்பிய கடைகளில் இரண்டு மறுபடி கேட்கின்றன என்றார். கேட்காத கடைகளும் இருந்தன. பத்திரிகை நின்றுவிடவில்லை.

அதன்பின் நம்மை நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். எத்தனை காதுகுத்து, எத்தனை மாதா கோயில் தேர். கூப்பிட வந்தவர்களிடமெல்லாம் நீ முதலில் தெருவைச் சொன்னாய். சிலர் யோசித்துச் சொல்வதாகப் போய் வராமலே இருந்தார்கள். வந்தவர்கள் வாசல் வழியாகவே நம்மைக் கூட்டிப்போனார்கள். நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்தேன். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். ஒளித்துக்கொண்டு குடியேறி, ஒவ்வொரு நாளும் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படுகிற வாழ்க்கை எனக்கு இல்லாமல் போனதற்கு நீதான் காரணம். நிறைய வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அறுபதுகள் முடியும்போது உனக்குத் திருச்சிக்கு மாற்றலாயிற்று. கல்யாணமும் ஆயிற்று. ராஜாத்தியை எங்காவது கொண்டுபோய் முடிக்கவேண்டுமே என்றேன். எதற்கு முடிக்கவேண்டும் என்றாய் நீ. கடைசிப் படத்தில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கும்; கடைசிப் பெட்டியில் நால்வரும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 'முற்றும்' என்று போடவேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் நீ ரயிலேறினாய். அவரும் போடவில்லை. அடுத்த சில வாரம் வரை தொடர் எங்கே என்று கேட்டுக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

நான் இங்கேயே இருந்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை டிராயிங் டீச்சர். நீ அங்கே பிள்ளைகள் வார்டில் கிட்டார் வாசித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டோம். பிறகு முழங்கால் வலி நம் இரண்டு பேரையும் டெலிபோனோடு நிறுத்திவிட்டது.

கடைசியாக நீ பேசியது போன ஆடியில், சாதாரணமான ஒரு காலை நேரம். அது கடைசி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்து, பேரப்பிள்ளை, வெயில் என்று பேசிவிட்டு, இப்போது என்ன வரைந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். கை நடுங்குகிறது, கோடு நேராக வரவில்லை, பென்சிலைத் தொட்டே வெகுநாளாயிற்று என்றேன். எனக்காகக் கொஞ்சம் வருத்தப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரித்தாய்.

"நடுங்குனா இன்னாடி? கம்பியும் நடுங்கித்தானே பாடுது?"

போனை வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடி எடுத்துச் சீவினேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் வரைகிறேன். பால்காரன், எதிர்வீட்டு மாமரம், பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள். கோடெல்லாம் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் அவர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு உயிருள்ள கோடு நான் போட்டதில்லை. இந்தக் கடிதத்திலும் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. நீ படித்துவிடுவாய்.